கிரவல் ரோட்டுல வழிஞ்ச சேத்த ட்ரெக்டரால வழிச்சா கல்லும் சேந்து போகுது, என்ன செய்யலாம்?

மேமலைவாசி:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க அப்புத்தளை பக்கம். மெயின் ரோட்டுல இருந்து எங்க வீடுகளுக்கு ஏறுற ரோட்டப் பத்தி கேக்கணும், கொஞ்சம் நீளமா வரும் பொறுத்துக்கங்க.

தோட்டத்து லயத்த (வரிசை வீட்ட) விட்டு 7 பேர்ச் காணிக்கு வந்த 14 குடும்பம் நாங்க. ரோடு மொத்தம் 700 அடி இருக்கும், அதுல மேல் 400 அடி தான் சரியான ஏத்தம். அகலம் 10 அடி. முந்தி வெறும் மண் ரோடு தான், மழை பேஞ்சா த்ரீவீல் ஏறாது, என் தங்கச்சிக்கு வலி எடுத்த ராத்திரி த்ரீவீல் கீழயே நின்னுருச்சு, கம்பளியில வச்சு நாலு பேர் தூக்கிட்டு எறங்குனோம். அதுக்குப் பிறகு தான் வீட்டுக்கு வீடு சந்தா சேத்து மூணு வருஷத்துல 12 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) கிரவல் எறக்கி அந்த 400 அடிக்கு மட்டும் போட்டோம். கொழுந்து எடுத்துட்டு வந்த பொம்பளைங்களும் நின்னு மம்பட்டி புடிச்சு பரப்புன ரோடு அது.

ரோட்டுக்கு ஒரு பக்கம் வெட்டுன மண் மேடு, அதுக்கு மேல தேயிலை மலை. மறுபக்கம் பள்ளம், பள்ளத்துக்கு அடியில பழைய லயம், அதுல இன்னும் 6 குடும்பம் இருக்கு. இந்த முறை மழைக்கு மேட்டுல இருந்து சேறு வழிஞ்சு மூணு எடத்துல ரோட்ட மூடிருச்சு. எல்லாம் சேத்தா 150 அடி நீளம் வரும், 4 இஞ்சி தடிப்பு, சில எடத்துல முழங்கால் கிட்ட.

மச்சான்கிட்ட மெஸி பேர்கசன் 240 ட்ரெக்டர் இருக்கு, மரக்கறி ஏத்துறது. பின்னுக்கு மாட்டுற 6 அடி பிளேட் ஒன்னும் பழசா வாங்கி வச்சிருந்தாரு. போன கிழமை மழை விட்ட மறுநாள் காலையிலயே எறங்கிட்டோம். பிளேட் பாரம் பத்தாம சேத்து மேல வழுக்கிக்கிட்டு போச்சு, அதனால ரெண்டு பொடியன்கள அதுமேல ஏறி நிக்க வச்சோம், அப்ப நல்லா கடிச்சுச்சு. ஒரு எடத்த வழிச்சு முடிச்சு பாத்தா சேறு போயிருக்கு, கல்லும் போயிருக்கு. அந்த 50 அடி இப்ப வெறும் செம்மண்ணு, அன்னைக்கு ராத்திரி மழைக்கே நடுவுல கான் (வடிகால்) மாதிரி கோடு விழுந்துருச்சு. வழிச்சத எல்லாம் பள்ளத்துப் பக்கம் தள்ளி விட்டோம், அதுல எங்க கல்லு கெடக்குறத பாக்க பாக்க வயிறு எரியுது.

மிச்சம் ரெண்டு எடத்த இன்னும் தொடல. கல்ல விட்டுட்டு சேத்த மட்டும் எடுக்க வழி இருக்கா? இல்ல பெக்கோ (மண் அள்ளுற மெஷின்) தான் கூப்பிடணுமா, அதுக்கு மணிக்கணக்குல குடுக்க எங்ககிட்ட காசு இல்ல. இந்த வேலை செஞ்சு பழகுன ஆக்கள் யாராச்சும் சொல்லுங்க.


வெலிமடை ட்ரெக்டர்:

தம்பி முதல்ல ஒன்னு. பிளேட்டு மேல ஆள் ஏத்துறத இன்னையோட நிப்பாட்டுங்க. கீழ ஒரு பெரிய கல்லு மாட்டுனா பிளேட் எகிறும், நிக்கிறவன் சக்கரத்துக்குப் பின்னால பிளேட்டுக்கு அடியில தான் விழுவான். எங்க பக்கம் ஒரு பொடியனுக்கு இப்படி காலு போனத நான் கண்ணால பாத்தேன், அதனால தான் முதல்ல இத எழுதுறேன். ஆள் பாரம் ஏறுனதால தான் உங்க கல்லும் போயிருக்கு. சேறு எடுக்க பிளேட்டுக்கு அவ்வளவு பாரம் தேவையே இல்ல, வழுக்கிக்கிட்டு போச்சுன்னு சொல்றீங்களே, அப்ப சேறு இன்னும் கஞ்சியா இருந்திருக்கு, அந்த பதத்துல ட்ரெக்டர் எறக்கவே கூடாது.

மழை விட்ட உடனே பின் டயர் அந்த ரோட்டுல ஏறுனா கல்ல சேத்துக்குள்ள அமுக்கி பிசைஞ்சு விடும், பிறகு யார் வந்தாலும் ரெண்டையும் பிரிக்க ஏலாது. முதல்ல மம்பட்டியால சேத்துல குறுக்க ரெண்டு மூணு வாய் வெட்டி தண்ணிய கானுக்கு எறக்கி விடுங்க. வெயில் இருந்தா ஒரு நாள், மூட்டமா இருந்தா ரெண்டு நாள் விடுங்க. ஒரு கைப்பிடி எடுத்து உருண்டை புடிச்சா உருண்டையும் நிக்கணும், உள்ளங்கையிலயும் ஒட்டக்கூடாது, அது தான் பதம். அதுக்காக நல்லா காயவும் விட்டுறாதீங்க, காஞ்சா கல்ல கட்டிப் புடிச்சுக்கிட்டு ஓடு மாதிரி பேந்து வரும்.

அடுத்து பிளேட்டு. மெஸி மாதிரி ட்ரெக்டர்ல பின் லிஃப்ட் தூக்கத்தான் செய்யும், கீழ அமுக்காது, பிளேட்டு அதோட சொந்தப் பாரத்துல தான் எறங்கும். லீவர முழுசா கீழ விட்டா கீழ் வாய் (வெட்டுற விளிம்பு) நேரா கல்லுல போய் ஒக்காந்து சுரண்டும். சரி கொஞ்சம் தூக்கி பொசிஷன் கன்ட்ரோல் லீவர்ல நிப்பாட்டலாம்னு பாத்தா அதுவும் குழப்பம், ஏன்னா முன் சக்கரம் ஒரு மேட்டுல ஏறுனா பின்னுக்கு பிளேட் குத்திக்கிட்டு எறங்கும், குழியில எறங்குனா பிளேட் தூக்கும். அதனால தான் வழிச்ச ரோடு அலை அலையா கெடக்குறது. டிராஃப்ட் கன்ட்ரோல் லீவர இந்த வேலைக்கு தொட வேணாம், அது உழவுக்கு.

நான் செய்யுறது இது தான். பூட்டு ஊசியக் கழட்டி பிளேட்ட அரை வட்டம் திருப்பி முதுகு முன்னுக்கு வாற மாதிரி மாட்டுவேன். அப்ப கீழ் வாய் கடிக்காது, முதுகு வளைவு சேத்து மேல தடவிக்கிட்டு போகும், கல்லு இருந்த எடத்துலயே இருக்கும். தடிப்பா கெடக்குற எடத்துல மட்டும் நேர் பக்கத்தால மேல் பாதிய எடுத்துட்டு பிறகு திருப்பிக்குவேன். இன்னும் நல்லா வேணும்னா ரெண்டு இஞ்சி ஜிஐ பைப் ஒன்ன 6 அடிக்கு எடுத்து கிரைண்டரால நெடுக்க ஒரு கீறு போட்டு பிளேட்டோட கீழ் வாய்க்கு சொருகுங்க, ரெண்டு முனையிலயும் ஓட்டை போட்டு போல்ட் அடிச்சா கழண்டு விழாது. உருண்டையான பைப்பு கல்லு மேல ஏறி ஏறிப் போகும், கூர் வாய் மாதிரி குத்தாது. வெல்டிங் கடையில அரை நாள் வேலை. டாப் லிங்க்கையும் (பிளேட்ட மேல புடிக்கிற தண்டு) பாருங்க, பிளேட்டோட கீழ் வாய் முன்னுக்கு நீட்டிக்கிட்டு நின்னா தோண்டும், பின்னுக்கு சாஞ்சு இழுபட்டா தடவும்.

எது செஞ்சாலும் கடைசி ஒரு இஞ்சி சேத்த ட்ரெக்டரால எடுக்க நெனைக்காதீங்க. கண்ணுக்கு சுத்தமா தெரியணும்னு ஒரு இழுவை கூட இழுக்குற அந்த எடத்துல தான் கல்லு போகும். கணக்கு போட்டு பாருங்க, உங்க 400 அடியில 10 அடி அகலத்துக்கு ஒரு இஞ்சி போனா 333 கன அடி, அது 3 கியூபுக்கு மேல. 12 கியூப் போட்ட ரோட்டுல கால்வாசி. மிச்ச சேத்த மம்பட்டியாலயும் விளக்குமாத்தாலயும் பாருங்க, பாதி மழையே கழுவிக் குடுக்கும், கான் சரியா இருந்தா.

ஏத்தத்துல வேலை செய்யும்போது மேல இருந்து கீழ இழுத்துக்கிட்டு வாங்க, முதல் கியர் லோ, நியூட்ரல் போடவே கூடாது, கிளச்ச மிதிச்சுக்கிட்டும் எறங்கக் கூடாது. ரெண்டு பிரேக் பெடலையும் கொக்கி போட்டு ஒன்னா சேத்துருங்க, வயல்ல தனித்தனியா மிதிச்ச பழக்கத்துல எறக்கத்துல ஒன்ன மட்டும் மிதிச்சா ட்ரெக்டர் அந்தப் பக்கம் திரும்பி பள்ளத்துக்குப் போகும். மேல ஏறும்போது பிளேட்ட நெலத்துக்கு ஒரு அடி ஒசரத்துல மட்டும் தூக்கி வச்சுக்கிட்டு ஏறுங்க, அதுக்கு மேல தூக்குனா பாரம் பின்னுக்குப் போய் முன் சக்கரம் லேசாகும். முன்னுக்கு வெயிட் இருந்தா மாட்டுங்க. பள்ளத்து ஓரம் 3 அடிக்குள்ள டயரே போகக்கூடாது, மழை குடிச்ச ஓரம் மேல பாத்தா கெட்டியா தெரியும், உள்ள ஒன்னும் இருக்காது.


மேமலைவாசி:

அண்ணே கோடி நன்றி. பிளேட்ட திருப்பலாம்னே எங்களுக்கு தெரியாது. மச்சான்கிட்ட வாசிச்சுக் காட்டுனேன், பொடியன்கள ஏத்துனதுக்கு அவரு மனசு சங்கடப்பட்டுட்டாரு, இனிமே இல்ல. பைப்புக்கு நாளைக்கு பண்டாரவளை போறோம். பிரேக் கொக்கி துரு புடிச்சு இருந்துச்சு, தட்டி எண்ணெய் போட்டாச்சு. இன்னும் வேற யாராச்சும் செஞ்சிருந்தா சொல்லுங்க.


டிக்கோயாப் பொடியன்:

நான் டிக்கோயாவுல பொறந்து வளந்தவன், இப்ப கனடாவுல ஒண்டாரியோ மாகாணத்துல டவுனுக்கு வெளிய இருக்கேன், வீட்டுக்கு உள்ள வாற வழி 300 அடி, அதுவும் கிரவல் தான். இங்க சேறு இல்ல ஸ்னோ, ஆனா உங்க கேள்வி அப்படியே என் கேள்வி, அதனால எழுதுறேன். நம்ம ஊர்ல பனின்னா நுவரெலியாவுல தை மாசம் விடியக் காலையில புல்லு மேல வெள்ளையா படிஞ்சு தேயிலைத் துளிர கருக வைக்கிறது, வெயில் வந்தா போயிரும். இங்க அது அடி கணக்குல விழுந்து மாசக்கணக்குல கெடக்கும், காலையில ட்ரெக்டரால தள்ளுனா தான் வேலைக்குப் போக ஏலும்.

வந்த முதல் வருஷம் நானும் கல்ல எல்லாம் வழிச்சு புல்லுத் தரையில தள்ளிட்டேன், பனி கரைஞ்ச பிறகு பங்குனி சித்திரையில குனிஞ்சு நின்னு ரேக்கால ஒவ்வொரு கல்லா திருப்பி வழிக்கு இழுத்தேன். பக்கத்து பண்ணைக்காரர் தான் சொல்லித் தந்தாரு. இங்க குளிர் காலம் தொடங்குறப்ப நெலம் இன்னும் குளிருக்கு ஒறைஞ்சு எறுகி இருக்காது, அப்ப விழுற முதல் ஸ்னோவ தான் கவனமா பாக்கணும். அத முழுசா வழிக்காம ரெண்டு இஞ்சி விட்டு வண்டியாலயே அமுக்கி விட்டா கல்லோட சேந்து எறுகி தார் போட்ட மாதிரி ஆகிரும், அதுக்குப் பிறகு குளிர் காலம் முழுக்க அந்த எறுகுன தளத்துக்கு மேல தான் தள்ளுறது, கல்லுல பிளேட் படவே படாது. நம்ம ஊர்ல நெலம் எறுகாது, அதனால உங்களுக்கு ஒவ்வொரு மழையும் முதல் ஸ்னோ மாதிரி தான். கடைசி ஒரு இஞ்சிய விடச் சொன்ன அண்ணன் பேச்ச கேளுங்க.

பிளேட்டுக்கு அடியில ரெண்டு பக்கமும் செருப்பு மாதிரி ஒரு இரும்புத் தட்டு வச்சு வரும், ஷூன்னு தான் சொல்றது, தார் ரோடுன்னா அத மேல ஏத்தி விடுவாங்க, கிரவல்னா ஒரு இஞ்சி ஒன்றரை இஞ்சி கீழ எறக்கி விடுவாங்க, பாரம் முழுக்க அந்தத் தட்டுல நின்னு வாய் அந்தரத்துல ஓடும். உங்க பிளேட்டுல இல்லாட்டி பழைய லொறி ஸ்பிரிங் பட்டைய வளைச்சு வெல்டிங் பண்ணலாம், முனை மேல வளைஞ்சிருக்கணும் இல்லாட்டி அதுவே மண்ணக் குத்தும். பைப்ப விட இது நல்லதுன்னு நான் நெனைக்கிறேன், ஏன்னா சேறு பைப்புக்கு அடியில அடைச்சுக்கிட்டா பிளேட் மேல மிதக்கும், பனியில அந்தப் பிரச்சினை இல்ல சேத்துல வரும். இன்னொன்னு, இங்க சில பேர் இரும்பு வாய்க்குக் கீழ தடிச்ச ரப்பர் பட்டை போல்ட் பண்ணி வச்சிருக்காங்க, கல்லு மேல வளைஞ்சு குடுத்துக்கிட்டு போகும். பழைய டயர வெட்டி நீங்களே செய்யலாம், கடைசி இழுவைக்கு மட்டும்.

முக்கியமா ஒன்னு. ஸ்னோ விழ முதலே வழியோட ரெண்டு ஓரத்துலயும் 10, 15 அடிக்கு ஒரு கம்பு நட்டு முனையில கலர் அடிச்சு வைப்போம், ஏன்னா விழுந்த பிறகு வழி எது கான் எதுன்னு ஒன்னும் தெரியாது. சேறு மூடுன ரோடும் அதே தான். நீங்க பள்ளத்துப் பக்கம் மூங்கில் கம்பு நடுங்க, விளிம்புல இல்ல, விளிம்புல இருந்து 3 அடி உள்ளுக்கு. கம்புக்கு அந்தப் பக்கம் டயர் போகாதுன்னு ஒரு சட்டம் மாதிரி வச்சுக்கங்க.


கீழ் லயத்து அக்கா:

தம்பி நான் இந்தக் குழுவுல வாசிக்கிறது மட்டும் தான், எழுதுறது இல்ல. நீங்க பள்ளத்துப் பக்கம் தள்ளி விட்டோம்னு எழுதுனத பாத்துட்டு சும்மா இருக்க முடியல.

நாங்க மஸ்கெலியா பக்கம். எங்க லயத்துக்கு மேல ஒரு ரோடு, அத சுத்தம் செஞ்ச ஆக்கள் மண்ண எல்லாம் ஓரத்துல குமிச்சு விட்டுட்டுப் போயிட்டாங்க, ரோடு சுத்தமாயிருச்சு எல்லாருக்கும் சந்தோஷம். ரெண்டு கிழமை கழிச்சு ஒரு ராத்திரி மழையில அந்தக் குமிச்ச மண்ணு அப்படியே எறங்கி எங்க பின் கதவத் தள்ளிக்கிட்டு குசினிக்குள்ள வந்துருச்சு. அடுப்பு, விறகு, கூட்டுல இருந்த 5 கோழி எல்லாம் மண்ணுக்குள்ள. என் மாமியார் அன்னைக்கு குசினியில படுக்காம முன் காம்பராவுல படுத்ததால உசுரோட இருக்காங்க. மலை சரியல தம்பி, மேல உள்ள மரம் செடி எல்லாம் அப்படியே நின்னுச்சு. மனுசன் கொண்டாந்து வச்ச மண்ணு தான் வந்துச்சு.

உங்க பள்ளத்துக்கு கீழ 6 குடும்பம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. தள்ளுனத திருப்பி எடுங்க.


மேமலைவாசி:

அக்கா நீங்க எழுதுனத வாசிச்சுட்டு ராத்திரி தூக்கம் வரல. கீழ எங்க பெரியம்மா வீடும் இருக்கு. உண்மையா அந்த யோசனையே அன்னைக்கு எங்களுக்கு வரல, ரோடு மட்டும் தான் கண்ணுல இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை முதல் வேலையா அத அள்ளுறோம். எங்க கொண்டு போய் கொட்டுறதுன்னு தான் தெரியல.


ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை:

நான் 31 வருஷம் தோட்டத்துல வேலை, அதுல பாதிக்கு மேல கான் வெட்டு, ரோட்டு வேலை கணக்கு தான் பாத்தது. ட்ரெக்டர் பத்தி மத்தவங்க நல்லா சொல்லிட்டாங்க. நான் தண்ணியப் பத்தி சொல்றேன், ஏன்னா சேறு தானா நடந்து வாறது இல்ல, தண்ணி தான் தூக்கிட்டு வருது.

அள்ளுன மண்ண கொட்ட நெரப்பான எடம் தான் வேணும். மேட்டு ஓரம் வேணாம், கானுக்குள்ள வேணாம், ஓடைக்குப் பக்கத்துல வேணவே வேணாம். மெயின் ரோட்டு முனையில திரும்புற எடம் அகலமா இருந்தா அங்க போட்டு பரப்பி மானாப் புல்லு நடுங்க. 150 அடிக்கு 10 அடிக்கு 4 இஞ்சின்னா 500 கன அடி, 5 கியூப், ட்ரெக்டர் ட்ரெய்லர்ல ஒரு நாள்ல முடியும். கல்லு கலந்த மண்ண தனியா போடுங்க, 1 இஞ்சி கம்பி வலையில சலிச்சா பெரிய கல்லு பாதியாச்சும் திரும்பக் கெடைக்கும்.

மேட்டுப் பக்கம் கான் இருக்கா? இருந்தா அது இப்ப சேறு அடைச்சு ரோடு மட்டத்துக்கு வந்திருக்கும், தண்ணிக்கு ரோட்டத் தவிர வேற பாதை இருந்திருக்காது. ட்ரெக்டர் எறங்க முதல் கான் திறக்கணும், பிறகு இல்ல. அடுத்து ரோட்டோட முதுகு. கிரவல் ரோட்டுக்கு நடு ஒசந்து ரெண்டு பக்கமும் சரிஞ்சு இருக்கணும், நூத்துக்கு நாலுன்னு கணக்கு, 10 அடி ரோட்டுக்கு நடு ரெண்டரை இஞ்சி கிட்ட ஒசரம். ஒரு நூல் கட்டிப் பாத்தா தெரிஞ்சுரும். நீங்க நேர் பிளேட்டால வழிச்ச 50 அடியில அந்த முதுகும் போயிருக்கும், அதான் நடுவுல கோடு விழுந்திருக்கு. வெறும் கழுவுன மெட்டல் (ஒடச்ச கருங்கல்லு) வாங்கிப் போடாதீங்க, உருளும், கட்டாது. கல்லு, மணல், கொஞ்சம் களிமண் மூணும் கலந்த கிரவல் தான் ஈரத்துல அமுக்குனா பிடிக்கும்.

மேல தேயிலை மலையில கான் எப்படி இருக்குன்னு தோட்டத்து தொரைகிட்ட கேட்டு போய்ப் பாருங்க. மலைக் கான்ல இடைக்கிட குழி வெட்டி நடுவுல அணை விட்டு வைப்போம், தண்ணி குழியில தங்கி மண்ண எறக்கிட்டு அணைக்கு மேலால வழிஞ்சு போகும். லொக் அண்ட் ஸ்பில்னு பேரு. வருஷத்துக்கு ஒரு தரமாச்சும் மழைக்கு முன்னால அந்தக் குழிய வெட்டி எடுக்கணும், முந்தி ஆள் போட்டு ஒழுங்கா செஞ்ச வேலை, இப்ப பல மலையில குழி நெரம்பி புல்லு மொளைச்சு கெடக்கு. அது நெரம்புனா மண்ணுக்கு அடுத்த எடம் உங்க ரோடு தான்.

இப்ப முக்கியமானது. ட்ரெக்டர் எறக்க முதல் ஒரு ஆள் மேட்டுக்கு மேல ஏறி நடந்து பாக்கணும். நெலத்துல வெடிப்பு இருக்கா, மரம் தேயிலை ஒரு பக்கமா சாஞ்சிருக்கா, புதுசா ஊத்து வருதா, இருந்த ஊத்து திடீர்னு நின்னுருச்சா, வாற தண்ணி கலங்கி வருதா. இதுல ஒன்னு இருந்தாலும் அது வழிஞ்ச சேறு இல்ல, மலை அசையுது. அப்ப மேட்டு அடிவாரத்துல கெடக்குற மண்ண எடுக்கவே கூடாது, அந்த மண்ணு தான் மேல உள்ளத முட்டுக் குடுத்து நிப்பாட்டுது. கொஸ்லந்த மீரியபெத்தயில 2014 ஒக்டோபர் 29 காலையில லயத்த மண்ணு மூடுனது நமக்கெல்லாம் தெரியும், 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தப்ப மலையகம் முழுக்க என்ன நடந்துச்சுன்னும் தெரியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் மழைன்னா கவனமா இருக்கச் சொல்லும், 100ன்னா போகத் தயாரா இருக்கச் சொல்லும், 150 தாண்டுனா வெளியேறச் சொல்லும். நேரான சுவர் உள்ள ஒரு டின்ன வெட்ட வெளியில வச்சு அடிமட்டத்தால அளந்தாலே உங்க ஊர் மழை கணக்கு உங்க கையில இருக்கும். 117க்கு எடுத்தா அனர்த்த முகாமைத்துவ நிலையம்.


மேமலைவாசி:

ஐயா, நீங்க சொன்ன மாதிரி ஞாயித்துக்கிழமை காலையில மச்சானும் நானும் முதல்ல மேல ஏறிப் போனோம். நடந்தத அப்படியே எழுதுறேன்.

கீழ உள்ள எடத்துக்கு மேல ஒன்னும் இல்ல, மலைக் கான் நெரம்பி வழிஞ்சிருக்கு, நீங்க சொன்ன குழி எல்லாம் புல்லு. ஆனா மேல் வளைவுக்கு மேல, மேட்டு விளிம்புல இருந்து 8 அடி உள்ளுக்கு, தேயிலை நிரைக்கு நடுவுல ஒரு வெடிப்பு. 15 அடி நீளம் இருக்கும், பெருவிரல் போகுது. ரெண்டு தேயிலை மரம் ரோட்டுப் பக்கமா சாஞ்சிருக்கு. கொழுந்து எடுக்குற பெரியம்மா ஒருத்தங்க பத்து நாளா பாத்துக்கிட்டு தான் இருக்கேன் தம்பி, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலன்னாங்க.

அதனால அந்த மேல் வளைவ தொடல. கயிறு கட்டி சிவப்பு சீலை போட்டு விட்டோம், பிள்ளைகள குறுக்குப் படியால போகச் சொல்லியாச்சு. கிராம சேவகருக்கு அன்னைக்கே போட்டோவோட அனுப்புனோம், தோட்டத்துலயும் சொன்னோம், ஆக்கள் வந்து பாக்குறதா சொல்லியிருக்காங்க.

கீழ உள்ள எடத்துல மட்டும் வேலை செஞ்சோம். முதல்ல கான் திறந்தோம், பொம்பளைங்க எட்டு பேர் வந்தாங்க. பிறகு பள்ளத்து ஓரத்துல முன்ன தள்ளுன மண்ண மம்பட்டியாலயே அள்ளி 3 ட்ரெய்லர் ஏத்துனோம், ஓரத்துக்கு ட்ரெக்டர் போகல, மூங்கில் கம்பு நட்டிருந்தோம். கடைசியா பிளேட்டு. லொறிப் பட்டையில ஷூ அடிச்சு முதுகுப் பக்கத்தால இழுத்தோம், சேறு உருண்டை புடிக்கிற பதத்துல இருந்துச்சு, பாய் சுருட்டுற மாதிரி சுருண்டு வந்துச்சு அண்ணே. பைப்பும் போட்டுப் பாத்தோம், கனடா அண்ணன் சொன்ன மாதிரி பைப்புக்குள்ள சேறு அடைச்சு பிளேட் மிதந்துச்சு, கழட்டிட்டோம். ஒரு இஞ்சி கிட்ட விட்டுட்டு நிப்பாட்டுனோம். மறுநாள் தூறலுக்கே கல்லு தலை காட்டிருச்சு. சலிச்சதுல அரை கியூப் கிட்ட கல்லு திரும்பக் கெடைச்சுச்சு, அத அந்த வெறும் 50 அடியில போட்டுட்டோம், பத்தாது, தை மாசம் இன்னும் ரெண்டு கியூபுக்கு சந்தா.

அந்த வெடிப்ப அவங்க வாற வரைக்கும் அப்படியே விடுறதா ஐயா, ஏதாச்சும் செய்யலாமா?


ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை:

விட வேணாம். தண்ணி உள்ள எறங்குறது தான் ஆபத்து. களிமண் கொண்டு போய் வெடிப்புல நெரப்பி காலால மெதுவா அமுக்கி மேல பொலித்தீன் விரிச்சு ஓரத்துல கல்லு வைங்க. வெடிப்புக்கு மேல் பக்கம் ஒரு சின்ன வரம்பு கட்டி தண்ணிய பக்கத்து கானுக்குத் திருப்பி விடுங்க. மூணு பேருக்கு மேல ஏற வேணாம், மழையில போக வேணாம். வெடிப்புக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பு அடிச்சு நடுவுல எவ்வளவுன்னு தினம் காலையில அளந்து எழுதி வைங்க, வாறவங்ககிட்ட அந்தக் கணக்க குடுங்க. கீழ 6 குடும்பத்துக்கும் இன்னைக்கே சொல்லணும், நாளைக்கு இல்ல.


மேமலைவாசி:

சொல்லியாச்சு ஐயா. பொலித்தீன் போட்டாச்சு, கம்பு அடிச்சாச்சு, முதல் நாள் 22 இஞ்சி, இன்னைக்கும் 22. பெரியம்மா வீட்டுலயும் பக்கத்து வீட்டுலயும் பிள்ளைகளோட மேல எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க, மத்த நாலு குடும்பமும் மழை தொடங்குனா ஸ்கூல் மண்டபத்துக்குப் போறதா ஒத்துக்கிட்டாங்க, சாவி அதிபர்கிட்ட வாங்கி வச்சிருக்கோம். ஜாம் டின் ஒன்னு கூரை மறைக்காத எடத்துல வச்சிருக்கேன், நேத்து ராத்திரி 18 மில்லிமீட்டர்.